எந்த லெஃப்ட்

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி என்றால் சீடார் பென்ட் பூங்காவில் நாற்காலிகளெல்லாம் சாலைப் பக்கம் திரும்பிவிடும். எல்லாரும் ஆற்றைப் பார்க்க வந்தவர்கள்தான். ஆனால் ஆறு எங்கும் ஓடிப்போய்விடாது. அந்த நேரத்துக்கு வண்டிகள் இழுத்துவரும் டிரெய்லர் வீடுகள் பின்பக்கமாக அவரவர் இடத்துக்குள் நுழைகிற கூத்து அரைமணியில் முடிந்துபோகும். எந்தப் புருஷன் எந்தப் பெண்டாட்டியைப் பார்த்துக் கத்துகிறான், எந்த வண்டி எந்த மரத்தோடு உரசுகிறது என்று பீர் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, எதையும் பார்க்காதது போன்ற முகத்தோடு எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆர்டித் நைகார்ட் முப்பத்தைந்து வருடமாக அந்தக் கூத்தில் ஒரே வேஷம் கட்டிவந்தாள். பின்னால் நின்று கை காட்டுகிறவள்.

இத்தனைக்கும் அவள் பதினொரு வயதில் டிராக்டரில் வைக்கோல் வண்டியைப் பூட்டி, கொட்டகைக்குள் பின்பக்கமாகத் தள்ளியவள். அந்த வைக்கோல் வண்டிக்கு இரண்டு இடங்களில் மூட்டு. டிராக்டர் ஒரு பக்கம் இழுத்தால் நடுவில் ஒன்று மறுபக்கம் போகும், வால் மூன்றாவதாக ஒரு பக்கம் போகும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொட்டகைத் தூண்கள் இரண்டைக் காயப்படுத்திய பிறகு அவள் கைக்கே விஷயம் புரிந்துவிட்டது: ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒற்றை மூட்டு வண்டி என்றால் வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ கையை அந்தப் பக்கம் தள்ளவேண்டும், இரட்டை மூட்டு என்றால் எதிர்ப்பக்கம். அவ்வளவுதான்.

அப்புறம் இருபத்தொன்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். மினசோட்டாப் பனியில், விடிவதற்கு முன்பு, எழுபத்தோரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. பண்ணை வீடுகளின் குறுகிய பாதைகளில் பஸ்ஸைப் பின்னால் எடுத்துத் திருப்புவாள். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று, இருட்டில் பளபளக்கும் பச்சைச் சட்டை ஒன்றை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அவள் கணவன் லோவெல் டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நின்றவன். எந்த வருடத்து டிராக்டருக்கு எந்த போல்ட் என்று புத்தகத்தைத் திறக்காமல் சொல்வான். நல்ல ஞாபகம், நல்ல நகைச்சுவை, நாலு பேர் கூடினால் அவனைச் சுற்றித்தான் கூடுவார்கள். 1984-இல் முதன்முதலாக ஒரு மடக்குக் கூடார வண்டியை வாங்கிக்கொண்டு சீடார் பென்டுக்கு வந்தபோது, "நீ இறங்கிப் பின்னாடி நின்னு கை காட்டு" என்றான். ஆர்டித் இறங்கினாள். எனக்கு உன்னைவிட நன்றாக வரும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆளுக்கு ஆசையாக இருக்கிறது, ஓட்டட்டுமே என்று விட்டாள். ஒரு நாள் விட்டுக்கொடுத்தது முப்பத்தைந்து வருடம் நீளும் என்று யாருக்குத் தெரியும்?

சண்டை எப்போதும் ஒரே சொல்லில்தான் தொடங்கும். ஆர்டித் 'லெஃப்ட்' என்றால், வால் இடப்பக்கம் போகவேண்டும் என்று அர்த்தம். லோவெலுக்கு 'லெஃப்ட்' என்றால் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்கவேண்டும். பின்னால் போகிறபோது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வால் நேர் எதிராக வலப்பக்கம் போகும். ஒவ்வொரு மே மாதமும் முதல் பயணத்துக்கு முன்பு, சமையலறை மேசையில் உப்புக் குப்பியைப் பிக்கப் வண்டியாகவும் வெண்ணெய்த் தட்டை அது இழுக்கும் டிரெய்லராகவும் வைத்து இரண்டு பேரும் ஒப்பந்தம் போடுவார்கள். இனிமேல் லெஃப்ட் என்றால் வால்தான், மறக்கக்கூடாது. பூங்கா வாசலைத் தாண்டி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் கண்டதும் லோவெலுக்கு ஒப்பந்தம் மறந்துபோகும்.

1997-இல் பதினேழாம் எண் இடத்தில் அது மரத்தில் போய் முடிந்தது. பதினேழு கஷ்டமான இடம். ஒரு பக்கம் பெரிய ஓக் மரம், மறுபக்கம் மின்சாரக் கம்பம், சாலையோ ஒருவழி. ஓட்டுகிறவன் உட்கார்வது இடப்பக்கம்; அவன் கண்ணுக்குத் தெரியாத வலப்பக்கமாகத்தான் உள்ளே தள்ளவேண்டும். ஆனால் உள்ளே போய்விட்டால் ஆறு ஜன்னலுக்குக் கீழேயே ஓடும். ஆர்டித் காட்டியது வாலின் லெஃப்ட். லோவெல் ஒடித்தது ஸ்டீயரிங்கின் லெஃப்ட். புது டிரெய்லரின் பின்மூலை சாப்பாட்டுத் தட்டளவுக்கு நசுங்கி உள்ளே போயிற்று.

அதிலிருந்து இருபத்திரண்டு வருடமாக, எந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தாலும் லோவெல் அந்தக் கதையைச் சொல்வான். "என் பெண்டாட்டி எழுபத்தோரு பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டினவ. ஆனா டிரெய்லரைக் கொண்டுபோய் மரத்துக்குள்ளயே பார்க் பண்ணுன்னு கை காட்டுவா." எல்லாரும் சிரிப்பார்கள். ஆர்டித்தும் சிரிப்பாள். சிரிக்கும்போது அவளுடைய பற்கள் ஒன்றோடொன்று அழுந்திக்கொள்ளும்.

ஒரே ஒரு முறை, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, "நான் ஒரு தடவை எடுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"பஸ்ஸுக்கு இடுப்பு கிடையாது ஆர்டித்" என்றான் லோவெல். "இது இடுப்புள்ள வண்டி. வேற வித்தை."

இரண்டு இடுப்புள்ள வண்டியை ஓட்டியவள், "சரி" என்றாள். அந்த ஊரில் கோபம் வந்தால் 'சரி' என்பார்கள். ரொம்பக் கோபம் வந்தால் 'சரி சரி' என்பார்கள்.

இந்த வருடம் செப்டம்பர் கடைசி வாரம். சோள அறுவடை நடந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து பூங்காவுக்கு நாற்பது மைல். வழியில் ஒரு தானிய லாரி எதிரே வந்தது. லோவெல் நடுக்கோட்டைத் தாண்டி அதன் முகத்துக்கு நேராகப் போனான். லாரிக்காரன் ஹாரனை அழுத்தியபடியே ஓரத்துச் சரளைக் கல்லில் இறங்கி ஒதுங்கினான்.

"வெயில் கண்ணுல அடிச்சுது" என்றான் லோவெல்.

வானம் முழுக்க மேகம். சில மாதங்களாகவே அவள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுகிறான். எதிரே நின்று கையசைக்கிறவனைக் கண்டுகொள்ளாமல் போகிறான், குரல் கேட்டால் மட்டும் திரும்பிச் சிரிக்கிறான். மார்ச்சில் கண் டாக்டரிடம் தனியாகப் போய்வந்து, "கண்ணாடி மாத்தணுமாம்" என்றான். கண்ணாடி மாறவில்லை.

நான்கு மணிக்குப் பதினேழாம் எண் முன்னால் வந்து நின்றார்கள். பதினாறில் வழக்கம்போல கோர்டி ட்வெய்ட்டும் மார்லிஸும். கோர்டி முன்பு வீடுவீடாகச் சமையல் எரிவாயு கொண்டுபோய்ப் போட்டவன். மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவள். இருபது வருடமாக இந்த வாரக் கடைசியில் அடுத்தடுத்த இடத்தில் தங்குகிற சிநேகிதம். கோர்டியின் நாற்காலி சாலைப் பக்கம் தயாராக இருந்தது.

"வாங்க வாங்க" என்றான் கோர்டி. "மரம் காத்துக்கிட்டு இருக்கு."

ஆர்டித் பளபளக்கும் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றாள். முதல் தடவை வால் மின்சாரக் கம்பத்தை நோக்கிப் போயிற்று. இரண்டாம் தடவை ஓக் மரத்தை நோக்கி. மூன்றாம் தடவை பிக்கப்பின் முன்சக்கரம் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியது. அவள் டிரெய்லரின் பக்கவாட்டைக் கையால் தட்டித் தட்டி நிறுத்தினாள்.

"லெஃப்ட்டுன்னு சொன்னா எந்த லெஃப்ட்?" லோவெல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"வாலோட லெஃப்ட். மே மாசம் பேசினோமே."

"நீ காட்டறதே தெரியல. கையை நல்லாத் தூக்கிக் காட்டேன்."

அவள் பத்தடி தூரத்தில் நின்றாள். அந்தச் சட்டையைப் பனிப்புயலில் கால் மைலுக்கு அப்பாலிருந்து பார்க்கலாம்.

ஓட்டுநர் கதவருகே போனாள். "இறங்கு லோவெல். நான் எடுக்கறேன்."

லோவெல் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் தலைக்கு மேலாகப் பதினாறைப் பார்த்துக் கூப்பிட்டான். "கோர்டி, இங்க வாயேன். இந்தச் சனியனை உள்ள தள்ளிக் குடு. இவ கையைப் பாத்து ஓட்டினா ராத்திரி சாப்பாட்டுக்குக் கனடா போய்ச் சேந்துருவேன்."

சுற்றிலும் சிரிப்பு. கோர்டி பீர் டப்பாவை நாற்காலிக் கையில் செருகிவிட்டு வந்து ஏறினான். இரண்டு தடவையில் உள்ளே தள்ளிவிட்டான். நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவன் இறங்கி, டிரெய்லரின் பக்கவாட்டை மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டினான்.

"நல்லா வளையுது லோவெல். டெரெக்குக்குப் பிடிச்சுப்போகும். ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு வரேன்னான், இங்கேருந்தே இழுத்துட்டுப் போயிடறானாம்."

டெரெக் கோர்டியின் அக்காள் மகன்.

"எதை இழுத்துட்டுப் போறான்?" என்றாள் ஆர்டித்.

கோர்டி லோவெலைப் பார்த்தான். லோவெல் தண்ணீர்க் குழாயைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தான். மார்லிஸ், "கோர்டி, அடுப்புல வச்ச சாசேஜ் கருகுது பாரு" என்று கணவனின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அடுப்பு இன்னும் பற்றவே இல்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆர்டித் கேட்டாள். "வித்துட்டியா?"

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்னைக் கேக்காம."

"வயசாச்சு ஆர்டித். எனக்கு அலுத்துப்போச்சு."

"எனக்கு அலுக்கல. வேலையை விட்ட நாள்லேருந்து மொண்டானா மலைப்பக்கம் போலாம்னு சொல்லிட்டிருக்கேன். நீ நாப்பது மைல் தாண்ட மாட்டேங்கற."

"சரி, நான் ஓட்டலைன்னா யார் ஓட்டுவா?" லோவெல் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தான். கோபமே இல்லாமல், நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரிச் சொன்னான். "உனக்குத்தான் பின்னால எடுக்க வராதே."

"சரி" என்றாள் ஆர்டித். கொஞ்ச நேரம் கழித்து, "சரி சரி" என்றாள்.

அவன் கிண்டலுக்குச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவன் அதை நம்பினான். இருபத்திரண்டு வருடம் திரும்பத் திரும்பச் சொல்லி, கதை அவனுக்கே உண்மையாகிவிட்டது. கூடச் சேர்ந்து சிரித்ததற்காக அவளுக்குத் தன்மேலும் ஆத்திரம் பொங்கியது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லோவெல் துண்டும் சவரச் சாமானுமாகப் பொதுக் குளியலறைப் பக்கம் போனான். அவன் தலை மறைந்ததும் ஆர்டித் எழுந்தாள். தண்ணீர்க் குழாயைக் கழற்றிச் சுருட்டினாள். மின்சாரக் கம்பியைப் பிடுங்கினாள். டிரெய்லரைத் தாங்கியிருந்த நான்கு மூலை ஜாக்கிகளையும் மேலே ஏற்றினாள். பிக்கப்பைக் கொண்டுவந்து டிரெய்லரின் கொக்கியை ஒரே தடவையில் அதன் பின்னாலுள்ள இரும்புப் பந்தின் மேல் உட்காரவைத்தாள். சங்கிலி மாட்டினாள். சக்கரத்தடியில் இருந்த மஞ்சள் கட்டைகளை எடுத்து, ஒன்றைக் கைக்கெட்டும்படி இருக்கையில் போட்டுக்கொண்டாள். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

கோர்டி காப்பிக் கோப்பையோடு எழுந்து நின்றான். "எங்க கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்ல. ஒரு சுத்து."

"வேணும்னா நான் வந்து..."

"வேண்டாம் கோர்டி. நீ நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்க. அங்கேருந்து நல்லாத் தெரியும்."

டிரெய்லரை வெளியே இழுத்து, ஒருவழிச் சாலையில் முழுவட்டம் அடித்துத் திரும்பி வந்தாள். அதற்குள் செய்தி பரவிவிட்டது. பத்தொன்பதில் இருந்தவர்கள் தட்டும் அப்பமுமாக வாசலுக்கு வந்துவிட்டார்கள். சைக்கிள்கள் நின்றன. ஆர்டித் பதினேழைத் தாண்டி நிறுத்தினாள். ரிவர்ஸ் போட்டாள். ஸ்டீயரிங்கின் அடியில் கையை வைத்து மெதுவாகத் தள்ளினாள். வால் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பத் தொடங்கியது.

அப்போதுதான் வலப்பக்கக் கண்ணாடியில் லோவெல் தெரிந்தான். தோளில் துண்டு, காதோரம் சவர நுரை. அவள் வண்டியை விடவேண்டிய இடத்தின் வாசலிலேயே நின்றுகொண்டு, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

"ரைட்டு! ரைட்டுல ஒடி!"

"விலகு லோவெல்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

அவன் விலகவில்லை. வால் திரும்பியது. கண்ணாடியில் இருந்தவன் காணாமல் போனான். ஆர்டித் பிரேக்கை மிதித்த மிதியில் உள்ளே அலமாரியிலிருந்து தட்டுகள் உருண்டு விழுந்தன.

இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தாள். லோவெல் விறகு மூட்டுகிற இரும்பு வளையத்தின் விளிம்பில் கால் முட்ட நின்றிருந்தான். டிரெய்லரின் பின்மூலைக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்தது. அவன் முகத்தில் பயமே இல்லை. அதைக் கண்டதும் அவளுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று.

"நல்லாத்தானே வந்துட்டிருந்த. ஏன் நிறுத்தின?" என்றான்.

"வால் உன் மேல வந்துட்டிருந்துது."

"நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

ஆர்டித் திரும்பிப் பிக்கப்புக்கு நடந்தாள். இருக்கையில் கிடந்த மஞ்சள் கட்டையை எடுத்துக்கொண்டு வந்து, அவனிடமிருந்து பத்தடி தள்ளி நின்றாள். கட்டையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள்.

"எத்தனை விரல்?"

"ஆர்டித், ஜனங்க பாக்கறாங்க."

"எத்தனையோ வருஷமாப் பாக்கறாங்க, இன்னைக்கும் பாக்கட்டும். எத்தனை விரல் லோவெல்?"

அவன் தலையை லேசாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு சிரித்தான், கடைக் கவுன்டரில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"நாலு."

கோர்டி கோப்பையைக் கீழே வைத்தான். பத்தொன்பதில் ஒருத்தி தன் பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னாள்.

"என் கையில செங்கல் சைஸுக்கு மஞ்சக் கட்டை இருக்கு" என்றாள் ஆர்டித். "விரலே இல்ல. மார்ச்ல டாக்டர் என்ன சொன்னார்?"

"கண்ணாடி..."

"லோவெல்."

துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினான். "நடுவுலதான் தெரியல. ஓரத்துல தெரியுது. நேராப் பாக்கறது மட்டும் அழிச்ச மாதிரி இருக்கு. சரியாகாதுன்னார். ஓட்டக்கூடாதுன்னார்."

"மார்ச்ல."

"ஆமா."

"ஜூலைல பிரிட்டாவையும் சோல்வெய்கையும் பின் சீட்டுல வச்சுக்கிட்டு ஏரிக்குப் போனியே. பாலத்து மேல. மழையில."

"மெதுவாத்தான் ஓட்டினேன்."

எழுபத்தோரு பிள்ளைகள் ஒரே சமயத்தில் இருக்கையை விட்டு எழுந்து நின்ற நாளில்கூட ஆர்டித் குரலை உயர்த்தியதில்லை. இப்போது உயர்த்தினாள். மரத்திலிருந்து காக்கைகள் எழும்பின.

"மெதுவாக் கொன்னா பரவாயில்லையா? பேத்திங்க ரெண்டு பேரையும் கண்ணு தெரியாம ஏத்திக்கிட்டுப் போயிருக்க. பக்கத்துல என்னையும் உக்கார வச்சிருக்க. நேத்து அந்த லாரிக்காரன் ஒதுங்கலைன்னா இந்நேரம் என்னைப் பெட்டியில வச்சுப் பாத்துட்டிருப்பாங்க. இதையெல்லாம் செஞ்சிட்டு, எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு வண்டிய விக்கற. கோர்டியைக் கூப்பிட்ட. நான் கதவுகிட்ட நிக்கறேன், என் தலைக்கு மேல கோர்டியைக் கூப்பிட்ட."

லோவெல் இரண்டு கையையும் பாதி தூக்கினான்.

"போய் பெஞ்சுல உக்காரு" என்றாள். "கையைப் பாக்கெட்ல வச்சுக்க."

அவன் ஓரத்தில் பெஞ்சோடு கிடந்த மேசையை நோக்கி நடந்தான். அருகில் போனதும் தயங்கி, காலால் பெஞ்சின் விளிம்பைத் தேடினான். கோர்டி உதவிக்கு ஓரடி எடுத்துவைத்தான். ஆர்டித் பார்த்த பார்வையில் நின்றுவிட்டான். லோவெல் தானே விளிம்பைக் கண்டுபிடித்து உட்கார்ந்தான். நுரை அப்படியே காதோரம் காய்ந்துகொண்டிருந்தது.

ஆர்டித் மறுபடி ஏறினாள். ஒரு தடவை பாதிவரை போய், சரியில்லை என்று முன்னால் இழுத்தாள். அடுத்த தடவை ஓக் மரத்துக்கு ஒரு சாண் விட்டு, கம்பத்துக்கு இரண்டு சாண் விட்டு, டிரெய்லரை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள். யாரும் கை தட்டவில்லை. எல்லாருக்கும் திடீரென்று ஏதேதோ வேலை இருந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிக்கப்பின் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடம் ஆகியிருந்தது. சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா என்று இன்னும் ஆத்திரம்தான் வந்தது. நாலு நிமிஷ வேலை. இதற்காகவா முப்பத்தைந்து வருடம் மழையிலும் கொசுக்கடியிலும் பின்னால் நின்று கையாட்டினாள்? பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனின் காது நுரையும் கண்ணில் பட்டது. பத்துக் குடும்பம் பார்க்க அவனை அப்படிக் கேட்டிருக்க வேண்டுமா என்று ஒரு நினைப்பு வந்தது. உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கலாம். ஆனால் உள்ளே கேட்டதற்குத்தான் நேற்று பதில் கிடைத்ததே.

ஜாக்கிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மார்லிஸ் ஒரு தட்டில் இனிப்புத் துண்டங்களை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த ஊரில் சாவுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான்.

"அது..." மார்லிஸ் சொல்லைத் தேடினாள். "கொஞ்சம் வேற மாதிரி இருந்துது ஆர்டித்."

'வேற மாதிரி' என்பதைவிடக் கடுமையான வசவு அவர்கள் பேச்சில் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் வீட்டுக்கு ஊதா நிறம் அடித்தாலும் அதைத்தான் சொல்வார்கள், பாதிரியார் குடித்துவிட்டு வந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

"ஆமா. வேற மாதிரிதான் இருந்துது" என்றாள் ஆர்டித். ஒரு துண்டை எடுத்துத் தின்றாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

மார்லிஸ் குரலைத் தாழ்த்தினாள். "எங்க ஆளுக்குக் காது போச்சு. மெஷின் வாங்கிக் குடுத்தா சாக்ஸ் டிராயருக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான். அவனையும் நிக்கவச்சுக் கேக்கலாமான்னு பாக்கறேன்."

"கேளேன்."

"கேட்டா அவனுக்குக் கேக்கணுமே."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ஆர்டித்துக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு பதினாறுக்குப் போனாள்.

"கோர்டி, நாளைக்கு டெரெக் வரவேண்டாம்."

"லோவெல் வாக்குக் குடுத்துட்டானே ஆர்டித். அந்தப் பையன் லீவெல்லாம் போட்டு..."

"உரிமைப் பத்திரத்துல ரெண்டு பேர் இருக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நான் போடமாட்டேன். நீ சொல்றியா, நான் போன் பண்ணட்டுமா?"

கோர்டி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நானே சொல்லிடறேன்" என்றான். பிறகு, "நேத்து... அவன் கூப்பிட்டான், நான் வந்துட்டேன். நீ எடுப்பேன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

"கேட்டிருக்கலாம்" என்றாள். "நீயும் நான் பஸ் ஓட்டறதைப் பாத்தவன்தானே. பனியில உன் காஸ் லாரி பள்ளத்துல கெடந்தப்போ நான் அந்தப் பக்கமா பஸ்ஸைப் பின்னால எடுத்துத் திருப்பிட்டுப் போனேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவன் காதுவரை சிவந்தான்.

லோவெல் பெஞ்சில் அப்படியே இருந்தான். கைகள் பாக்கெட்டில் இருந்தன. ஆர்டித் எதிரே உட்கார்ந்தாள்.

"லைசென்ஸை எடு."

அவன் பணப்பையைத் திறந்து, அட்டைகளை விரலால் தடவி, ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். ஆர்டித் அதைப் பார்த்தாள்.

"இது லைப்ரரி கார்டு."

"ஓ."

"இதை நீயே வச்சுக்க. இதால யாரும் சாகமாட்டாங்க."

அவன் மறுபடி தடவி அடுத்ததை எடுத்து வைத்தான். அதுதான். அவள் அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட நானும் வரேன். அவர் என்ன சொன்னார்னு அவர் வாயால கேக்கணும். அப்புறம் பொண்ணுகிட்ட நீயே போன் பண்ணிச் சொல்லணும், பிள்ளைங்களை வச்சு ஓட்டினேன்னு. நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லணும்."

லோவெல் தலையாட்டினான். நீரோட்டம் கேட்கிற பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஏன் சொல்லலைன்னு கேக்கமாட்டியா?"

"எனக்குத் தெரியும் ஏன்னு. பாசஞ்சர் சீட்டுல உன்னை யாராவது பாத்துடுவாங்கன்னு."

லோவெல் லைப்ரரி கார்டைப் பணப்பைக்குள் திரும்பச் செருகினான்.

"வண்டி விக்கலையா அப்போ?" என்றான்.

"இல்ல. மே மாசம் மொண்டானா போறேன். வரதுன்னா வா."

"நீ ஓட்டறப்போ நான் என்ன செய்யணும்?"

"பக்கத்துல உக்காந்து வாயை மூடிக்கிட்டு இருக்கணும்."

"அது கஷ்டமாச்சே."

"தெரியும்" என்றாள் ஆர்டித். எழுந்து தண்ணீர்க் குழாயை மாட்டப் போனாள்.